பாயில் விரித்த நகரம்

கீர்த்தனி: ‘மே 10, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய கூட்டத்தில் ஒரு சிறு பிழை நேர்ந்தது. அது என்னுடையது. புதுநகர் வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதற்கு ஆணி கொண்டுவர மறந்துவிட்டேன். ஆகவே...’

ஹுஸ்னியா: நிப்பாட்டு, நிப்பாட்டு. இது என்ன புள்ள? கந்தோருக்குக் குடுக்கிற அறிக்கையா, உன்ட டயறியா?

கீர்த்தனி: அறிக்கைதான் ராத்தா. நடந்ததை நடந்தபடி எழுத வேணும் எண்டு பின்னேர வகுப்புச் சேர் சொல்லித் தந்தவர்.

ஹுஸ்னியா: நடந்ததைத்தானே எழுதச் சொன்னவர்? நடக்காத ஆணியையும் எழுதச் சொன்னவரா?

கீர்த்தனி: ஆணி இல்லாததாலதானே படத்தைப் பாயில விரிச்சம். அதை எழுதாம விட்டா, ஏன் பாயில விரிச்சது எண்டு சிவாஜினி மேடம் கேப்பா.

ஹுஸ்னியா: அது ஆரு?

கீர்த்தனி: திட்டமிடல் கந்தோர் மேடம். நாளைக்குப் பத்து மணிக்கு அவதான் வந்து அறிக்கையை எடுக்கிறா... ராத்தா, ஆணியை நான் பைக்குள்ள வைச்ச மாதிரித்தான் ஞாபகம். கடுதாசியில சுத்தி, கொப்பிக்குப் பக்கத்தில...

ஹுஸ்னியா: மறந்திருப்பாய். ஆர்தான் மறக்காத? போன கிழமை நான் அடுப்பில பாலை வெச்சிட்டு மூதூருக்குப் போய்ட்டன்.

கீர்த்தனி: வெளிக்கிட முந்தி ரெண்டு தரம் பாத்தனான்.

ஹுஸ்னியா: மூண்டாந் தரம் பாக்கல்லதானே? மிச்சத்தை வாசி.

கீர்த்தனி: ‘ஆகவே வரைபடம் பல்நோக்கு மண்டபத்தின் நடுவே பாயில் விரிக்கப்பட்டது. கடற்காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலைகளிலும் தேநீர்க் கோப்பைகள் வைக்கப்பட்டன. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் எதிர்ப்பக்கமும் அமர்ந்தார்கள். வரைபடத்தில் உள்ள பச்சைப் பெட்டி என்பது புல்லா, வெறும் பச்சை நிறமா என்று பாயிஸ் என்பவர் கேட்டார். புல் என்று பதில் சொல்லப்பட்டது. அப்படியென்றால் மாடு கட்டலாமா என்று கேட்டார். பதில் சொல்லப்படவில்லை.’

ஹுஸ்னியா: அதையும் எழுதிட்டியா! சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வா.

கீர்த்தனி: ‘பேருந்து நிலையம் வரைபடத்தின் வலப்பக்கக் காணியிலா, இடப்பக்கக் காணியிலா என்ற கேள்வி, திட்டமிடல் அலுவலகம் தந்த தாளில் உள்ளபடியே வாசிக்கப்பட்டது. வலப்பக்கம் என்று எல்லோரும் கை உயர்த்தினார்கள். எதிர்ப்பு இல்லை.’

ஹுஸ்னியா: அல்ஹம்துலில்லாஹ்! தேத்தண்ணிக்கு இஞ்சியா ஏலக்காயா எண்டு கேட்டாலே ரெண்டு கச்சி கட்டுற ஊர் இது. பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் ஒரே கை!

கீர்த்தனி: எனக்கே நம்பேலாமக் கிடக்கு. அதுதான் பயமாயும் கிடக்கு.

ஹுஸ்னியா: நல்லது நடந்தாலும் உனக்குப் பயமா?

கீர்த்தனி: அப்பா நேற்றும் சொன்னவர் ராத்தா. பஸ் ஸ்டாண்ட் வள்ளம் கட்டுற ஜெற்றிப் பக்கம் போனா, திருகோணமலையிலயிருந்து வாற கடைசி பஸ் அங்கதான் நிக்கும். அங்கயிருந்து கண்டல் காட்டு ரோட்டால இருட்டுக்க நடந்து வர விடமாட்டாராம். பின்னேரம் வரைபடம் வரையிற வகுப்பு இந்த வருசத்தோட சரியாம்.

ஹுஸ்னியா: இனி என்ன? வலப்பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக் காணியில இறங்கினா உங்கட வீட்டுப் படலை தெரியும். கொம்மா குசினிக்குள்ள நிண்டே கூப்பிடலாம்.

கீர்த்தனி: இதை உங்கட மனிசன் றஹ்மான் நானாவுக்குச் சொல்லிப்போடாதீங்கோ. குறிப்பெழுதிற ஆள் தன்ர விருப்பத்தைச் சொல்லக் கூடாது. நான் கையும் தூக்கேல்ல.

ஹுஸ்னியா: நீ தூக்காட்டி என்ன, உனக்கும் சேத்து நபீஸா மச்சி ரெண்டு கையும் தூக்கினவ.

கீர்த்தனி: ஐயோ... அவவை நான் ரெண்டு பேரா எண்ணிப்போட்டனோ?

ஹுஸ்னியா: உஸ்... மனிசன் வாறார்.

றஹ்மான்: என்ன, ரெண்டு பேரும் வாயை மூடிட்டீங்க? கோப்பை கழுவிக் கழுவிக் கை ஊறிப்போச்சு. பேருக்கு அபிவிருத்திச் சங்கத் தலைவர், உத்தியோகம் கிணத்தடியில.

ஹுஸ்னியா: தலைவர்ர மனிசி நேத்து முழுக்க மண்டபம் கூட்டினவ. அதை ஒருத்தரும் சொல்றாங்க இல்ல.

றஹ்மான்: சரி சரி. சீனி டின்னை எடுத்து சைக்கிளில கட்டட்டா?

ஹுஸ்னியா: அதைத் தொடாதீங்க! நான் கொண்டு வாறன்.

றஹ்மான்: டின்னோட என்ன திடீர்ப் பாசம்... எங்க புள்ள கையெழுத்து வைக்கிற இடம்? இண்டைக்கு இருக்கிற சந்தோசத்துக்கு ரெண்டு கையெழுத்து வெப்பன்.

கீர்த்தனி: ஒண்டு காணும் நானா. இஞ்ச, கீழ.

றஹ்மான்: பஸ்ஸால இறங்கிறவன் முதல்ல வந்து இருக்கப் போறது என்ட தேத்தண்ணிக் கடை வாங்கிலதான். பெரிய கேத்தல் ஒண்டு வேணும், ஹுஸ்னி. ரொட்டி தட்ட உனக்கும் ஒரு ஆள் வேணும்.

கீர்த்தனி: நானா... உங்கட கடை ஜெற்றியடியில எல்லோ இருக்கு?

றஹ்மான்: பின்ன, கடலுக்கயா இருக்கு? நாளாந்தம் வந்து தேத்தண்ணி குடிக்கிற புள்ள கேக்கிற கேள்வியா இது?

கீர்த்தனி: பஸ் ஸ்டாண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் நானா.

றஹ்மான்: ஆர் சொன்ன?

கீர்த்தனி: எல்லாரும்தான்...

றஹ்மான்: எல்லாரும் ஜெற்றிக்குத்தான் கை தூக்கின. பாயிஸ் தூக்கினான், நான் தூக்கினன், உங்கட அப்பா சோமசேகரம் அண்ணனும் தூக்கினார்.

கீர்த்தனி: அப்பாவுமோ?

றஹ்மான்: நண்டுப் பெட்டியைத் தலையில தூக்கிறவருக்கு ஜெற்றியடியில பஸ் நிண்டா லேசுதானே?

ஹுஸ்னியா: எங்கட பக்கம் ஒருத்தியும் ஜெற்றிக்குத் தூக்கல்ல. கிளினிக்குக்குப் புள்ளயைத் தூக்கிக்கொண்டு போறவளுக்கு ஜெற்றியில என்ன வேலை? மீனுக்கு ஊசி போடவா?

றஹ்மான்: வலப்பக்கம் எண்டு தூக்கினீங்களா, இல்லையா?

ஹுஸ்னியா: ஓம், வலப்பக்கம்தான்.

றஹ்மான்: நாங்களும் வலப்பக்கம்தான்.

ஹுஸ்னியா: பிறகென்ன?

றஹ்மான்: அதைத்தான் நானும் கேக்கிறன், பிறகென்ன?

கீர்த்தனி: ...நானா, ஒருக்காப் பாயில இருங்கோ. கூட்டத்தில இருந்த அதே பக்கம். ராத்தா, நீங்கள் இஞ்சால.

ஹுஸ்னியா: என்ன விளையாட்டு புள்ள இது? என்ட முழங்கால் மடங்காது.

கீர்த்தனி: ஒருக்கா ராத்தா... காணும், அதில. இப்ப ரெண்டு பேரும், படத்தில வலப்பக்கம் இருக்கிற மஞ்சள் பெட்டியில கையை வையுங்கோ.

றஹ்மான்: பிஸ்மில்லாஹ். வெச்சாச்சு.

ஹுஸ்னியா: நானும் வெச்சிட்டன்.

றஹ்மான்: நீ ஏன் அங்க போய் வெச்சிருக்காய்?

ஹுஸ்னியா: நீங்க ஏன் அங்க வெச்சிருக்கீங்க?

றஹ்மான்: இதுதான் வலப்பக்கம்.

ஹுஸ்னியா: எனக்கு இதுதான் வலப்பக்கம்.

றஹ்மான்: கலியாணம் கட்டின நாள் தொட்டு இவ எனக்கு எதிர்ப்பக்கம்தான். இண்டைக்குத்தான் படம் போட்டுக் காட்டியிருக்கு.

கீர்த்தனி: எதிரெதிரா இருந்தா ஆளுக்கொரு வலப்பக்கம்... ஐயோ! நடுவில நிண்டு கையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறன். படத்தை எந்தப் பக்கத்தால பாக்கிறது எண்டதுதான் முதல் நாள் பாடம். முதல் நாள்!

ஹுஸ்னியா: அழாத புள்ள.

கீர்த்தனி: அழேல்ல. மூக்கு ஒழுகுது.

றஹ்மான்: உன்னில பிழையில்ல. இந்த ஊர்ச் சனம் முழுக்க ஒண்டாக் கை தூக்கக்குள்ளயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேணும்.

ஹுஸ்னியா: பொறுங்க, பொறுங்க. புள்ள, மேடம் இந்த அறிக்கையைக் கொண்டு போய், கந்தோர்ச் சுவரில கிடக்கிற படத்தைப் பாத்தா, அவவுக்கு வலப்பக்கம் எது?

கீர்த்தனி: எழுத்து நிமிர்ந்து தெரியிறது பொம்பிளையள் இருந்த பக்கத்துக்குத்தான். அப்ப... ஆஸ்பத்திரிக் காணி.

ஹுஸ்னியா: பிறகு பிழை எங்க இருக்கு? எழுதினபடி விடு.

றஹ்மான்: ஹுஸ்னியா!

ஹுஸ்னியா: என்ன ஹுஸ்னியா? பொய் ஒண்டும் எழுதல்லயே. எல்லாரும் வலப்பக்கம் எண்டாங்க, அதுதான் எழுதியிருக்கு.

றஹ்மான்: அத்திவாரம் வெட்டுற நாளையில வந்து, எங்கட ஜெற்றி எங்க எண்டு பாயிஸ் என்ட கழுத்தைப் பிடிச்சா?

ஹுஸ்னியா: பாயிஸுக்காகவா இந்தக் கோவம்? கேத்தலுக்காகவா?

றஹ்மான்: ...கேத்தலும்தான். இல்லையெண்டு சொல்லேலா.

கீர்த்தனி: ராத்தா, ஏலாது.

ஹுஸ்னியா: உனக்காகத்தானே புள்ள சொல்றன்.

கீர்த்தனி: எனக்கு நல்லது எண்டபடியாத்தான் இன்னும் ஏலாது. நானா, உங்களுக்கும் சொல்லிப்போடுறன். பஸ் ஸ்டாண்ட் ஜெற்றிக்குப் போனா என்ர வகுப்பு நிண்டுடும். கண்டல் காட்டு ரோட்டால இரவில வர அப்பா விடமாட்டார். அதனால நான் மனசுக்குள்ள ஆஸ்பத்திரிப் பக்கம்தான். இதைத் தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வையுங்கோ, இல்லாட்டி வைக்காதீங்கோ.

றஹ்மான்: இதைக் கூட்டத்தில சொல்லியிருக்கலாமே?

கீர்த்தனி: குறிப்பெழுதிற ஆள் கதைக்கக் கூடாது.

றஹ்மான்: அதுவும் கந்தோர் தாளில இருக்கா?

கீர்த்தனி: ...இல்லை. நானே நினைச்சுக்கொண்டது.

றஹ்மான்: நல்ல கதை! உன்ட படிப்பு நிக்கப் போகுது, நான் இஞ்ச கேத்தலுக்குச் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கன்.

ஹுஸ்னியா: அப்ப நீங்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் எண்டு சொல்லுங்க.

றஹ்மான்: அது ஏலா. நான் ஜெற்றிக்குத்தான் கதைப்பன். மழைக்குள்ள வள்ளத்தால இறங்கிற சனத்துக்கு ஒதுங்க ஒரு கூரையில்ல. அதுவும் உண்மைதானே? ஆனா இந்தப் புள்ள எனக்கு எதிரா நிண்டு கதைக்க வேணும். மேடம் வர முந்தி நாளைக்குத் திரும்பக் கூட்டம். விடியத் தொழுகை முடிய நான் பள்ளி ஸ்பீக்கரில சொல்றன்.

கீர்த்தனி: நான் கோயிலடியில சொல்லுறன். ஆனா இனி வலம் இடம் எண்டு கேக்கக் கூடாது நானா. ஜெற்றிக் காணியோ, ஆஸ்பத்திரிக் காணியோ எண்டு பேர் சொல்லித்தான் கேக்க வேணும்.

றஹ்மான்: கேப்பம். குறிப்பை நான் எழுதுறன்.

ஹுஸ்னியா: நீங்களா? உங்கட எழுத்தை அடுத்த நாள் உங்களுக்கே வாசிக்க ஏலாதே.

கீர்த்தனி: குறிப்பெழுதிறவர் கதைக்கக் கூடாது எண்டு...

றஹ்மான்: அந்தச் சட்டத்தை இப்பதானே புள்ள வெட்டினம்!

கீர்த்தனி: அப்பா முன்னால இருப்பாரே...

றஹ்மான்: இருக்கட்டும். அவர் பெத்த புள்ளைக்கு வாய் இருக்கெண்டு அவருக்கும் தெரியத்தானே வேணும்?

ஹுஸ்னியா: நான் பக்கத்தில இருக்கிறன். நடுங்கினா என்ட கையைப் பிடி.

கீர்த்தனி: ...சரி. அப்ப முடிவைத் திருத்தி எழுதுறன். ‘பாயின் இரண்டு பக்கமும் இருந்து கை உயர்த்தியதால், இன்றைய முடிவு செல்லாது. பிழை என்னுடையது.’

றஹ்மான்: எங்கட எண்டு போடு.

கீர்த்தனி: ‘பிழை எங்களுடையது. நாளைய வேலை: காலையில் கடை திறந்ததும் ஆணி வாங்குவது. வரைபடத்தைச் சுவரில்...’

ஹுஸ்னியா: சுவரிலயா? சுவரில மாட்டினா ஆம்பிளையள் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்டுவாங்க. போன கூட்டத்தில நான் கண்டதெல்லாம் பாயிஸின்ட முதுகுதான். அவன்ட சேட்டில எத்தின தையல் எண்டு கேளு, சொல்றன். நகரம் எங்க இருந்தது எண்டு கேளாத.

கீர்த்தனி: அண்டைக்குப் பொம்பிளையள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லத்தான்.

ஹுஸ்னியா: தெரியாத படத்தைப் பத்தி என்னத்தைத் திறக்க? இண்டைக்குத்தான் நபீஸா மச்சி படத்தில விரலை வெச்சு, இது எங்கட வளவு, இது கிணறு எண்டு காட்டினவ.

கீர்த்தனி: ஆனா பாயில விரிச்சபடியாத்தானே ராத்தா இவ்வளவு குழப்பமும்?

றஹ்மான்: குழப்பம் பாயில இல்ல. எதிரெதிரா இருந்ததில. எல்லாரும் ஒரே பக்கமா இருப்பம். பொம்பிளையள் முன்னுக்கு இருக்கட்டும், ஆம்பிளையள் பின்னுக்கு நிண்டு பாப்பம்.

ஹுஸ்னியா: ...நீங்களா இதைச் சொல்றீங்க?

றஹ்மான்: பாயிஸை எல்லாருக்கும் கடைசியில நிப்பாட்டுறன், போதுமா? புள்ள, ஆணி வாங்கிறதை வெட்டு.

கீர்த்தனி: கைக்காவலுக்கு நாலு ஆணி கிடக்கட்டும் நானா. திரும்பவும் மறந்தனான் எண்டு வரக் கூடாது.

றஹ்மான்: நீ மறக்கவும் இல்ல, வாங்கவும் தேவையில்ல. கடுதாசியில சுத்தினபடி சீனி டின்னுக்க கிடக்கு.

கீர்த்தனி: சீனி டின்னுக்கயோ? என்ர பைக்குள்ள இருந்த ஆணி எப்பிடி... ராத்தா?

ஹுஸ்னியா: ...என்னை ஏன் பாக்கிறாய்? பொம்பிளையளும் ஒருக்காப் படத்தைக் கிட்ட நிண்டு பாக்கட்டும் எண்டுதான்... இஞ்ச பாருங்க, நீங்க எப்ப கண்ட?

றஹ்மான்: காலமை, கூட்டம் துடங்க முந்தி, சீனி அள்ளக்குள்ள. போன கூட்டத்திலயிருந்து பாயிஸின்ட முதுகைப் பத்தி நீ புறுபுறுக்கிறதைக் கேட்டுக் காது வலிச்சவன் நான், மூடியைத் திரும்ப இறுக்கி மூடிட்டு வந்துட்டன். எழுது புள்ள: நாளைய வேலை, வெள்ளனப் பாய் விரிக்கிறது, பொம்பிளையளை முன்னுக்கு இருத்திறது, முதல் ஆளாக் கீர்த்தனி கதைக்கிறது.