காம்போடு பறித்த ஆறு வாளி

செர்ரியைக் காம்போடுதான் பறிக்க வேண்டும், சார்ஜெண்ட். காம்பு போன பழம் மறுநாளே கசிய ஆரம்பித்துவிடும். அதற்காக வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. காம்பு கிளையில் சேருகிற இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கும். அடுத்த வருஷப் பழம் அதிலிருந்துதான் வர வேண்டும். காம்பை விரல் நுனியில் பிடித்து லேசாக மேல்பக்கம் திருப்பினால் தானாகக் கழன்று வரும். நான் ஹுவான் பள்ளத்தாக்கில் பழத்தோட்டத்திலும் பேக்கிங் கொட்டகையிலுமாக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். இதற்கெல்லாம் நான் யோசிக்கவே வேண்டாம், கையே செய்துவிடும்.

நேற்று எங்கள் சலவை அறையில் அந்த ஆறு வாளிகளையும் பார்த்துவிட்டு, ஒரு பழத்தை எடுத்துக் காம்பை உருட்டிக்கொண்டு நின்றீர்கள். நீங்களும் பழத்தோட்டக் குடும்பத்துப் பிள்ளை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். என் அக்கா வெர்னா மூன்றரை மணிக்கு ஏணியிலிருந்து விழுந்தாள் என்று போலீஸுக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன். டாக்டர் ஒரு மணி என்கிறாராம். டாக்டர் சொல்வதுதான் சரி. எனக்கு வயது எழுபத்து நான்கு, பொய்யைக் கட்டிக் காக்கிற தெம்பு இல்லை. ஆனால் முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

சிக்னெட்டில் எங்கள் வீட்டுத் தோட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். வேலையை விட்டு நின்ற வருஷம் அங்கே ஒரு செர்ரி வைக்க ஆசைப்பட்டேன். இனிப்புச் செர்ரிக்குப் பெரும்பாலும் துணைமரம் ஒன்று வேண்டும். அதுவும் வேறு வகையாக, அதே சமயத்தில் பூப்பதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்டோபர் வசந்தத்தில் வெள்ளையாகப் பூத்துக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். இரண்டு மரத்துக்கு என்னிடம் இடம் ஏது? நாற்றுக் கடைக்காரர் ஒரு வகையைக் காட்டி, இது தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒற்றை மரம் போதும் என்றார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மரத்தின் குணம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது வருஷம் காய்த்தது. மூன்று கிண்ணம் பழம் இருக்கும். பின்வாசல் படியில் உட்கார்ந்து நான் ஒருத்தியே தின்றேன். அதைவிட நல்ல நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. அடுத்த மாதம் வெர்னாவின் புருஷன் கீத் செத்துப்போனான். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தாள். அது நடந்து பதினோரு வருஷம்.

வெர்னா கெட்டவள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு முட்டியில் அறுவை செய்தபோது ஆறு வாரம் என்னைக் குளிப்பாட்டினாள், கால் நகம் வெட்டிவிட்டாள். ஆனால் வாய் ஓயாது. காலையில் கண் விழித்ததிலிருந்து கெட்டிலோடு பேசுவாள், ரேடியோவோடு பேசுவாள், நான் குளியலறையில் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று பேசுவாள். கீத் எதற்கெல்லாம் இருமினான் என்பதுகூட எனக்கு மனப்பாடம். பழம் பழுத்தால் வலையைத் தூக்கி முதல் கிண்ணத்தைத் தபால்காரருக்குக் கொடுப்பாள். அடுத்தது தேவாலயத்துக்குப் போகும், அதற்கடுத்தது வேலிக்கு அந்தப் பக்கம். பறவைகளுக்கு நான் வலை போட்டிருந்தேன். வெர்னாவுக்கு எதைப் போடுவது?

மரத்தைப் பார்த்தால் அவளுக்கு இரக்கம் வந்துவிடும். "பாவம்டி அது. பேச ஒரு ஆள் இல்லாம தனியா நிக்குது," என்பாள். அதற்கு யாரும் தேவையில்லை, அதற்காகத்தான் அதை வாங்கினேன் என்று நான் எத்தனையோ தடவை விளக்கினேன். அவள் சிரிப்பாள்.

"தேனீ வராமயே காய்ச்சிடுமா? அதும் உன்ன மாதிரிதான், எனிட். ஒருத்தர் தயவும் வேணாம்னு வீம்பு. ஆனா வர்றவங்க வந்துட்டுத்தான் இருக்காங்க."

தேனீ வேண்டும் என்பது உண்மைதான். அதனாலேயே அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஜூலைக் குளிரில் என் பிறந்தநாளுக்கு இன்னொரு செர்ரிக் கன்று வாங்கிவந்து, என்னைக் கேட்காமல் நட்டுவிட்டாள். நான் சாயங்காலத்தில் உட்காருகிற பெஞ்சை நகர்த்திவிட்டு அந்த இடத்திலேயே நட்டாள். நான் நன்றி சொன்னேன். அதற்கப்புறம் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க அதன் அடியில் ஊற்றிவந்தேன், மூன்று வாரம். வசந்தத்தில் அது துளிர்க்கவில்லை. பனி கருக்கிவிட்டது என்றேன். வெர்னா அந்தக் குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் கை ராசியில்லாத கை என்றாள், என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பெஞ்ச் பழைய இடத்துக்கு வந்தது. அதில் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு அலுத்துப்போயிருந்தது, சார்ஜெண்ட். கோபம் என்று எழுதாதீர்கள். கோபப்படுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கும்.

கிறிஸ்துமஸ் முடிந்து நான்காம் நாள். தெருவில் பாதிப் பேர் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக் குடிசைகளுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் மழை என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பழுத்த செர்ரி மேல் மழை பட்டால் தோல் வெடித்துவிடும், உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் மரம் என்றும் இல்லாத காய்ப்பு. பதினோரு மணிக்கு வலையை எடுத்துவிட்டுப் பறிக்க ஆரம்பித்தோம். நான் அந்தப் பழைய மூன்று கால் ஏணியில், அவள் கீழ்க் கிளைகளில். கை ஒன்று பறித்தால் வாய் பத்து பேசியது. ஒரு மணிச் செய்தி முடிந்து படகுப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டு வாளி நிறைந்திருந்தது.

"அந்த முட்டிய வெச்சுக்கிட்டு நீ ஏறி எறங்குனது போதும். எறங்கு, நான் ஏறுறேன்," என்றாள். எழுபத்தெட்டு வயதில் ஏறினாள். காலையில் அந்த இடத்துக்கு நான் தண்ணீர் விட்டிருந்தேன். ஏணியின் ஒரு கால் மண்ணில் இறங்கியது. அது நான் செய்ததில்லை, தண்ணீர் தினமும்தான் விடுகிறேன். நான்காவது படியிலிருந்து பாத்தியின் செங்கல் வரிசை மேல் பக்கவாட்டில் விழுந்தாள். கத்தவில்லை. சிரித்தாள்.

"பாத்தியா, கிழவிக்குப் பறக்க ஆசை வந்துடுச்சு," என்றாள். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. இடுப்பு போய்விட்டது என்று நினைக்கிறேன் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது. முடித்துவிட்டுப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றாள். அவள் வாயால் சொன்னது அது. நான் முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

கொட்டகையில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். மழை வருகிறதென்றால் யாரும் கையை நிறுத்தக் கூடாது. ஒரு தடவை பெல்ட்டில் மாட்டி ஒருத்தியின் விரல் நசுங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு கடைசிப் பெட்டிவரை நின்றாள். அவளை எல்லோரும் மெச்சினோம்.

நான் ஏணியைச் சரிசெய்து ஏறினேன். வெர்னா கீழே கிடந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். கீத்தைப் பற்றி, எங்கள் அப்பாவின் நாயைப் பற்றி. இரண்டு மணிவாக்கில் குளிர்கிறது என்றாள். கம்பளி எடுக்க உள்ளே போனேன். நீங்கள் கேட்கப்போவது இதைத்தான் என்று தெரியும். ஆமாம், கம்பளி அலமாரியை ஒட்டித்தான் போன் இருக்கிறது. எனக்குக் கண் மங்கல் என்று வெர்னா ஒரு தாளில் ஆம்புலன்ஸ் எண்ணை, அந்த மூன்று சைபரை, பெரிதாக எழுதி அதற்கு மேலே ஒட்டியிருந்தாள். அதை நின்று படித்தேன். மூன்றையும் படித்தேன். அப்புறம் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து அவள் மேல் போர்த்தி, பாதம் வெளியே தெரியாமல் செருகிவிட்டேன்.

"வராங்களா?" என்று கேட்டாள்.

"வந்துட்டிருக்காங்க," என்றேன்.

"ரொம்ப நல்லதுடி," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் போனைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

இரண்டரைக்குப் பேச்சு குறைந்தது. நடுவில் ஒரு தடவை, வண்டி வழி தவறிப் போயிருக்குமோ என்று கேட்டாள். விடுமுறை நாள், நேரமாகும் என்றேன். மூன்றுக்கு அதுவும் நின்றது. ஏணி மேல் நின்றுகொண்டு கேட்டேன், சார்ஜெண்ட். என் மரத்து இலையில் காற்று படுகிற சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உச்சிக் கிளைவரை பறித்தேன். முட்டி வலிக்கவே இல்லை.

மூன்றரைக்கு வாளிகளைச் சலவை அறைக்குக் கொண்டுபோய் ஈரத் துணி போட்டு மூடினேன். கை கழுவினேன். அப்புறம் போன் செய்தேன். போனை எடுத்த பெண் முகவரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூரைத் தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தது. உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லியிருப்பார்.

அந்த ஆறு வாளியையும் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அவள் இருந்தால் அதைத்தான் செய்வாள். மரத்தில் ஒரு முடிச்சுகூட ஒடியவில்லை, அடுத்த வருஷமும் நன்றாகக் காய்க்கும். யாராவது வலை மட்டும் போட வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு திருத்தம். முடித்துவிட்டுக் கூப்பிடு என்று வெர்னா சொன்னதாகச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுங்கள், அரைகுறையாக இருக்க வேண்டாம். தலைக்கு மேலே ஒரு கிளையைக் காட்டி, "அந்த ஒரு கிளைய முடிச்சுட்டுப் போய்க் கூப்பிடு, எனிட். எனக்கு வலி தாங்கல," என்றாள்.

அந்தக் கிளையில் இரண்டு கைப்பிடிப் பழம் இருந்தது. நான் மரம் முழுவதையும் முடித்தேன்.