பதினோராவது பாட்டு

ஹார்லன்: வெக்காதே! போனை வெக்காதே டெல்மா… ஒரே நிமிஷம்.

டெல்மா: விவாகரத்தாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு, காலங்காத்தால ஒரு நிமிஷமா? அடுப்புல சோளரொட்டி…

ஹார்லன்: கருகாது. நீ எப்பவும் சீக்கிரமே எடுத்துடுவே. என் ரெக்கார்டு வந்துச்சா? நாஷ்வில்லேருந்து அனுப்பச் சொன்னேன்.

டெல்மா: வந்துச்சு. 'ஹார்லன் பிட்மன்: புகழ்பெற்ற இருபது பாடல்கள்'. அட்டையில முப்பது வயசுப் படம். வெக்கமா இல்ல?

ஹார்லன்: இப்ப இருக்கிற மூஞ்சியப் போட்டா யாரு வாங்குவா? கேட்டியா?

டெல்மா: இல்ல. சூடான வாணலிய இறக்கி வைக்க வாகா இருக்கு.

ஹார்லன்: கொழுப்பு! அத்தனையும் புதுசா பாடினது, தெரியுமா? பழைய ரெக்கார்டு கம்பெனிக்காரன் பழைய டேப்பைத் தரமாட்டேன்னுட்டான். எழுபத்தொரு வயசுல இருபது பாட்டையும் மறுபடி…

டெல்மா: எப்படித் தருவான்? டல்ஸா கச்சேரிக்குப் போகாம மூணு நாள் குடிச்சுட்டுக் கிடந்தே. ஆஸ்டின்ல மேடையிலேருந்து விழுந்தே. அப்புறம் கம்பெனி குடுத்த பஸ்ஸை…

ஹார்லன்: பஸ் தானா எரிஞ்சுது!

டெல்மா: வாயில சுருட்டோட தூங்கினா தானா எரியும். இப்ப நான் என்ன சொல்ல வந்தேன்னா…

ஹார்லன்: பதினொரு வருஷமா ஒரு சொட்டு தொடல!

டெல்மா: என்னைப் பேச விடறியா?

ஹார்லன்: …சரி. பேசு.

டெல்மா: மறந்துபோச்சு. நல்லதா ஏதோ சொல்ல வந்தேன்.

ஹார்லன்: டெல்மா… பதினோராவது பாட்டைப் பத்தி ஊர்ல ஏதாவது பேசிக்கிறாங்களா?

டெல்மா: ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல அதே பேச்சுதான். ரேடியோக்காரனே சிரிச்சானாம். 'கெழவன் நடுவுல ரெண்டு வரிய மறந்துட்டான், கிட்டார் மட்டும் ஓடுது'ன்னு.

ஹார்லன்: மறக்கல.

டெல்மா: வயசாச்சு, மறந்தா என்ன இப்ப…

ஹார்லன்: மறக்கல டெல்மா! அது உன் வரி. நாம ரெண்டு பேரும் ஒரே மைக்குல பாடின பாட்டு. உனக்குப் பதிலா ஒரு சின்னப் பொண்ணைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. நல்லாத்தான் பாடுச்சு. வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னுட்டேன். அந்த ரெண்டு வரிக்கும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

டெல்மா: நீயா? வாயை மூடிக்கிட்டா?

ஹார்லன்: சிரி, நல்லா சிரி. அந்த இடத்துல வேற குரலை வைக்க மனசு வரல. உன்னை நெனச்சு ஏங்காத நாளே இல்ல… சனிக்கிழமை நம்ம ஊர்ச் சந்தைத் திடல்ல கச்சேரி. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மேடைக்கு வா.

டெல்மா: பாடறத விட்டு எத்தனை வருஷமாச்சு! சர்ச்சுல கூட நான் வாயைத் திறக்கறதில்ல.

ஹார்லன்: நீ வரலைன்னா அங்கயும் ரெண்டு வரிக்குச் சும்மா நிப்பேன். ஊரே சிரிக்கட்டும்.

டெல்மா: இரு, அடுப்புல ஏதோ வாடை அடிக்குது…

ஹார்லன்: இருக்கியா?

டெல்மா: ரொட்டி கருகிடுச்சு.

ஹார்லன்: அந்த வாணலிக்கு அடியிலேருந்து ரெக்கார்டை எடுத்து ஒரே ஒரு தடவை கேளேன். உன் இடம் எங்க வருதுன்னு…

டெல்மா: வாணலிக்கு அடியில வெறும் அட்டைதான் இருக்கு. ரெக்கார்டு வந்த நாள்லேருந்து பிளேயர்லயேதான் சுத்துது. தினமும் அந்த இடம் வந்ததும் நானும் பாடறேன்… ஒவ்வொரு தடவையும் என் ரெண்டாவது வரி முடியறதுக்குள்ள நீ வந்துடறே ஹார்லன். சனிக்கிழமையாவது நான் முடிக்கிற வரைக்கும் பொறு.