கன்றுகளுக்கு நல்ல தண்ணீர்

எனக்கு வெள்ளைச் சட்டை போடப் பிடிக்கும், சார். கல் உடைக்கிற கிரஷரில் சூப்பர்வைசராக இருப்பவன் வெள்ளை போடலாமா என்று பம்மலில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. காலை பத்து மணிக்குள் சட்டை சாம்பல் நிறமாகிவிடும். 1993-ல் நான் செய்த ஏற்பாட்டுக்குப் பிறகு சாயங்காலம் வரை வெள்ளையாகவே இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ கெட்ட எண்ணத்தோடு இறங்கியவன் மாதிரி ஆகிவிடும்.

அந்த வருஷம் தூசி பெரிய பேஜாராகிவிட்டது. மலையடியில் புது வீடுகள் வந்திருந்தன. வடித்த சோற்றில் தூசி, கொடியில் காயும் துணியில் தூசி என்று மனு மேல் மனு. மூன்று மாதத்தில் அடக்காவிட்டால் கிரஷரை மூடச் சொல்லிவிடுவார்கள் என்று முதலாளி ஸ்ரீரங்கன் கையைப் பிசைந்தார். தண்ணீர் தெளித்தால் அடங்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் குடிதண்ணீர் லாரியைச் சுற்றி ஜனங்கள் குடத்தோடு அடித்துக்கொண்ட வருஷம் அது. அந்தத் தண்ணீரைக் கல்லில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்தில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்று இருந்தது. தோல் ஊறிய தண்ணீரைச் சும்மா கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். வீணாகப் போவதை நாம் எடுத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. டேங்கரில் கொண்டுவந்து கிரஷர் வாயிலும் லாரி போகிற பாதையிலும் தெளித்தோம். தூசி அப்படியே படுத்துவிட்டது. வாடை இருந்தது, ஆனால் பம்மல் காற்றிலேயே அந்த வாடை உண்டு, யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

கிரஷரில் கல் அள்ளிப் போடும் பெண்கள் ஆறு பேர். பிளாஸ்டிக் முகமூடி வேண்டாம், குப்பைதான் சேரும் என்று பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்துக் கொடுத்தேன். நனைத்து மூக்கோடு வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். நனைப்பதற்கு அந்த டேங்கர் தண்ணீரையே ஒரு டிரம்மில் நிரப்பிவைத்தேன். ஆறு பேரில் அஞ்சம்மாள் மூத்தவள். அவள் கட்டினால்தான் மற்றவர்கள் கட்டுவார்கள்.

"இன்னா சார், தண்ணி பச்சையா கீது?" என்று முதல் நாளே கேட்டாள்.

"மருந்து கலந்தது. தூசி நெஞ்சுக்குள்ள போகாது," என்றேன்.

"அப்போ சரி சார்," என்று கட்டிக்கொண்டாள்.

வேலி ஓரம் நாற்பது கன்றுகள் வைத்தோம், வேம்பும் புங்கமும். தூசியைத் தடுக்க மரத்தைவிட நல்ல சுவர் கிடையாது. அவற்றுக்கும் அதே தண்ணீர்தான் விட்டேன். பத்தே நாளில் பன்னிரண்டு கன்று பட்டுப்போனது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்து அழுகியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். முதலாளியிடம் மல்லுக்கு நின்று கன்றுகளுக்கென்று தனியாக நல்ல தண்ணீர் லாரி வரவழைத்தேன். நீலப் பெயின்ட் அடித்த டிரம்மில் அதைப் பிடித்துவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சம்மாள் துணியோடு அந்த நீல டிரம் பக்கம் வந்தாள். உதட்டைச் சுற்றிப் புண்ணாகியிருந்தது.

"எரியுது சார். இதுல நனைச்சிக்கினு போறேனே."

"அது கன்னுங்களுக்கு வெச்சது, அஞ்சம்மா."

திரும்பிப் போய்விட்டாள். நல்ல மாதிரி, எதிர்த்துப் பேசத் தெரியாது.

மறு வருஷம் ஒரு தொழிலதிபர் சங்கத்தார் வந்து கன்றுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். சுற்றுச்சூழலைக் காத்த கிரஷர் என்று கேடயம் கொடுத்தார்கள், நான்தான் வாங்கினேன். அஞ்சம்மாள் பின்னால் நின்று கைதட்டினாள். அப்போதே அவளுக்கு மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும். பிறகு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டதாக டாக்டர் சொன்னார் என்று அவள் மகள் வந்து சொன்னாள். மற்ற ஐந்து பேருக்கும் புண் வந்தது. 95 ஐப்பசியில் நெஞ்சு அடைத்து அஞ்சம்மாள் போய்ச் சேர்ந்தாள். மாலையோடு போனேன். அழுகை வரவில்லை. உள்ளே மரத்துப்போயிருந்தது, இப்போதும் அப்படித்தான்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரியும். வேரைக் கையில் பிடித்த அன்றைக்கே தெரியும். ஆறு பேருக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும், லாரியில் அதைவிட மீந்தது. கொடுத்திருந்தால், இத்தனை நாள் கட்டிக்கொண்டது என்ன தண்ணீர் என்று கேட்டிருப்பார்கள். அது வெளியே போனால் கிரஷர் மூடும், அவர்கள் பிழைப்பும் போகும். அவர்களை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். கன்றுக்கு வாய் கிடையாது, நாமாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அஞ்சம்மாளுக்கு வாய் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் இல்லை என்றா சொல்லியிருப்பேன்?