லூட்விக் சொன்னதும் யட்விகா சொன்னதும்

— சூப் ஆறுது, லூட்விக் ஐயா. ரெண்டு வாயாவது குடிங்க.

— வேண்டாம், யட்விகா அம்மா. இப்ப பொண்ணு வருவா. வந்ததும் கிளம்பிடுவேன்.

— வந்த நாள்லேருந்து இதே பாட்டுதான். பெட்டியக்கூடப் பிரிக்கல நீங்க. இந்த முதியோர் ஹோம்ல நாம எல்லாருமே போலந்துக்காரங்க. பக்கத்து ரூம்காரி நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?

— போலிஷ் பாஷையில பேச எனக்கு ஆளே இல்லாமப் போச்சு. கட்டிக்கிட்டவ ஸ்காட்லாந்துக்காரி. இங்கிலீஷ்லயே பேசி, இங்கிலீஷ்லயே சண்டை போட்டு, கனடாவுல இந்த வின்னிபெக் குளிர்ல காலத்த ஓட்டிட்டேன். அவளும் போய்ச் சேர்ந்தா. அப்புறம் மூளையில ரத்தம் கட்டிக்கிச்சு. கண்ணு முழிச்சப்ப இங்கிலீஷ் காணாமப் போயிருந்துச்சு. பழைய பாஷை மட்டும் மிச்சம்.

— அதுக்குத்தானே பொண்ணு இங்க கொண்டாந்து சேர்த்தா?

— தள்ளிவிட்டுட்டான்னு சொல்லுங்க.

— அபாண்டமாப் பேசாதீங்க. பாருங்க, சூப் இறங்குது. எப்படி இருக்கு?

— பரவால்ல. க்ரூலே பத்தல.

— என்ன பத்தல?

— க்ரூலே. உருளைக்கிழங்கு.

— அட, அது மலைப்பக்கத்து வார்த்தையாச்சே! மலைக்காரரா நீங்க? என் மாமியாரும் மலைக்காரிதான். அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு இன்னும் முதுகு தன்னால நிமிருது.

— விவரமான மாமியார்.

— சிரிக்கக்கூடத் தெரியுமா உங்களுக்கு? சாயங்காலம் சீட்டாட வாங்க. ஒரு கை குறையுது. நாங்க திருட்டாட்டம்தான் ஆடுவோம், முன்னாடியே சொல்லிடறேன்.

— அதான் போறேங்கிறேனே. கதவத் தட்டறாங்க, கேக்குதா? மாய்ராதான். நீங்க அவகிட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்க. எனக்கு இங்க பிடிக்கல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது.

— சரி, சொல்றேன். உள்ள வாம்மா மாய்ரா. நான் பக்கத்து ரூம், யட்விகா.

— நல்லவேளை, நீங்க இருக்கீங்க. அப்பா என்ன சொல்றாருன்னு எனக்குச் சொல்லுங்களேன். ஆஸ்பத்திரியிலேருந்தே இப்படித்தான். கைய நீட்டி எதையோ கேப்பாரு, நான் தண்ணி குடுப்பேன். தலகாணி வைப்பேன். அவரு கேட்டது அது எதுவும் இல்ல. நான் பேசினா மூஞ்சத் திருப்பிக்கிறாரு.

— உன் கண்ணு ஏன்மா இப்படி வீங்கியிருக்கு?

— கீழ கார்லயே உக்காந்து அழுதேன். அவருக்கு இங்க பிடிக்கலன்னா மறைக்காமச் சொல்லுங்க. ஸ்கூல் வேலைய நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு, வீட்டுல வச்சு நானே பாத்துக்கறேன். எப்படியோ சமாளிப்பேன். என்ன சொல்றாரு?

— அவரா? சூப்ல உருளைக்கிழங்கு பத்தலையாம். சாயங்காலம் சீட்டாட்டம் இருக்காம், அதனால உன்ன சீக்கிரம் கிளம்பச் சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வந்தாப் போதுமாம்.

— நிஜமாவாப்பா? இங்கயே இருக்கீங்களா? பாருங்க, தலையாட்டுறாரு. என்னப் பாத்துத் தலையாட்டுறாரு.

— அதான் சொல்றேனே. வேலைய விடாத, தாயி. தைரியமாப் போயிட்டு வா.

— கன்னத்தக் காட்டுங்கப்பா. ஞாயித்துக்கிழமை வரேன். ரொம்ப நன்றிங்க.

— சிரிச்சுக்கிட்டே போறாளே என் பொண்ணு. அவகிட்ட என்ன சொன்னீங்க, யட்விகா அம்மா?

— நீங்க சொன்னதத்தான். கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்லிட்டுப் போறா.

— வார்த்தைக்கு வார்த்தை சொன்னீங்களா?

— வார்த்தைக்கு வார்த்தை. ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— எனக்கு வாயிலதான் இங்கிலீஷ் வராது, யட்விகா. காதுல நல்லாவே விழும். நீ சொன்னது அத்தனையும் புரிஞ்சுதான் தலையாட்டினேன்.