வாயில் குண்டூசி இருந்தபோது சொன்ன ‘ம்’

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியபடியே. வயது நாற்பத்து நான்கு. ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். கார் ஓட்டும் உரிமம் பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வியாழக்கிழமை விபத்து நடந்த இடத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய்யும் ஒரு மறைப்பும் உள்ளன. அவற்றைத் திருத்த, யாரும் அழைக்காமல் நானாகவே இன்று நிலையத்துக்கு வந்தேன்.

என் மகளுக்கு வயது பதினேழு. ஆறு வாரங்களுக்கு முன் அவளுக்கு இளையோருக்கான கட்டுப்பாட்டு உரிமம் கிடைத்தது. உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும், இருட்டிய பின் ஓட்டக்கூடாது, ஒரு தோழிக்கு மேல் ஏற்றக்கூடாது, போனைத் தொடக்கூடாது. இவற்றை அவள் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "இவ்வளவு சட்டம் இருக்குன்னு வண்டிக்குத் தெரிஞ்சா அது கிளம்பவே கிளம்பாது" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் தாளை எடுக்கவில்லை.

சம்பவத்தன்று மதியம் மூன்றரை மணிக்கு, மகள் கார் ஓட்ட, ஒரு பல் மருத்துவமனையில் திரை மாட்டப் புறப்பட்டோம். திரைக் கம்பிகள் நீளமாக இருந்ததால் அவளுக்கு இடப்பக்கம் இருந்த முன்னிருக்கையைச் சாய்த்து, கம்பிக்கட்டை அதன்மேல் கிடத்தினேன். அதன்பின் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருப்பாமல், "அம்மா, நீங்க பக்கத்துல உட்காரணும். இல்லன்னா நீங்களே ஓட்டுங்க" என்றாள். ஒரு திரைக்குக் கீழ்மடிப்பு பாக்கி இருந்தது, எனக்கு இரண்டு கையும் வேண்டும். "கூட ஒரு பெரியவங்க இருக்கணும், அவ்வளவுதானே? நான் என்ன டிக்கியிலயா உட்கார்ந்திருக்கேன்?" என்றேன். அவள் வண்டியை எடுத்தாள்.

அதன்பின் நான் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மடிப்பைக் குத்தத் தொடங்கினேன். தைக்கிறவர்களுக்கு வாய் மூன்றாவது கை. ஊசி இருக்கும்போது வீட்டில் எது கேட்டாலும் நான் "ம்" என்றுதான் சொல்வேன், அது எந்த "ம்" என்பதை மகள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

பள்ளிக்கூடம் தாண்டிய முக்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கம்பிக்கட்டு அந்தப் பக்கத்தை மறைத்ததால் மகள் வண்டியை நிறுத்திவிட்டு, "அம்மா, இடப்பக்கம் யாராவது வராங்களா? திரும்பலாமா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பின்னாலிருந்து தபால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். "ம்" என்றேன். வருகிறார் என்ற பொருளில் சொன்னேன். அவள் திரும்பலாம் என்று எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பாள். சட்டத்தில் ‘கூட’ என்று போடாமல் ‘அருகில்’ என்று ஏன் போட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தபால்காரர் எங்கள் கார்க் கதவில் மோதி விழுந்ததில் அவருடைய தோள் எலும்பு முறிந்தது. மகள் அணைத்து வைத்திருந்த போனை டாஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தாள். நான் அந்த நேரத்தில் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின், காவலர் வருவதற்குள் கம்பிகளை இறக்கி நடைபாதையில் வைத்து, முன்னிருக்கையை நிமிர்த்தினேன். யார் அருகில் இருந்தது என்று காவலர் கேட்டதற்கு, "நான்தான், கூடவே இருந்தேன்" என்றேன். அவர் ‘அருகில் அமர்ந்திருந்தேன்’ என்று எழுதிப் படித்துக் காட்டினார். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். மகளைக் கேட்டபோது, "நான் சரியாப் பார்க்காம திருப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். என்னைக் கேட்டதையோ நான் பதில் சொன்னதையோ அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நடக்கும் விசாரணையில் கவனக்குறைவு அவளுடையது என்று முடிவானால், இருபத்தொரு வயது வரை அவளுக்கு உரிமம் இல்லை. பதினெட்டு முடிந்ததும் அவள் சேர வேண்டிய கால்நடை மருத்துவமனைப் பயிற்சி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே பேருந்து போவதில்லை. நேற்றுக் காலை ஃபிரிட்ஜ் கதவில் தாளைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். "இனிமே அது எதுக்கும்மா?" என்றாள். அந்தத் தாளில் இருந்ததில் அவள் ஒன்றைத்தான் மீறினாள், அதுவும் நான் சொல்லி.

இதனால் என் உரிமம் பறிபோகலாம், பொய் சொன்னதற்குத் தனி வழக்கு வரலாம் என்று அதிகாரி எச்சரித்தார். இரண்டுக்கும் நான் தயாராக இருக்கிறேன்.

எழுதியதை அதிகாரி எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். சொன்னது எல்லாம் உண்மைதானா என்று கேட்டதற்கு நான் "ம்" என்றேன். அதை எழுத முடியாது, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றார். உண்மை என்று வாயைத் திறந்து சொல்லி, கீழே கையெழுத்திட்டேன்.

(கையொப்பம்)