கதவுக்கு வெளியே ரேடியோ

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, படை அதிகாரி அவர்களே, லிஃப்ட் கம்பெனி நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அப்பாவே, அனைவருக்கும் வணக்கம். இந்த உரையை நான் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் பாதியை அடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

கடல் கடந்த போரில் சென்ற மாதம் உயிர்நீத்த படைவீரர் என் அண்ணன். படையில் சேருமுன் லிஃப்ட் மெக்கானிக். உங்கள் எல்லோருக்கும் அவர் ரேடியோ. ஏன் ரேடியோ? வாய் ஓயாது!

அந்த வாய்தான் அவருடைய தொழில். லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே இருப்பவர் பயத்தில் கதவை நெம்புவார். அப்போதுதான் கை நசுங்கும். ஆகவே ஒருவர் மேலே பழுது பார்க்க, இன்னொருவர் கதவுக்கு வெளியே பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் அண்ணன்தான்.

நம் தலைமையாசிரியையே ஒருமுறை மாட்டிக்கொண்டார்.

"டேய், மூச்சு முட்டுதுடா, சீக்கிரம் திற!"

"என்னை எத்தனை நாள் கிளாஸுக்கு வெளிய நிக்க வச்சீங்க டீச்சர்? இன்னைக்கும் நான் வெளியதான் நிக்கிறேன். நீங்க கொஞ்சம் உள்ள இருங்க."

"வெளிய வந்ததும் இருக்குடா உனக்கு!"

கோபத்தில் பயம் போய்விட்டது. டீச்சர் சிரிக்கிறார், பாருங்கள்.

போர்முனையில் என்ன நடந்தது? குண்டு விழுந்து ஒரு வண்டி கவிழ்ந்தது. கதவு இறுகிக்கொண்டது. உள்ளே இருவர். மற்றவர்கள் கதவை நெம்பக் கம்பி எடுக்க ஓடினார்கள். அண்ணன் ஓடவில்லை, கதவருகே உட்கார்ந்தார். வண்டிக்குள் இருந்து பிழைத்துவந்த ஒருவர் எங்களுக்குப் போன் செய்தார்.

"என்னப்பா பேசிட்டிருந்தான்?" என்று அப்பா கேட்டார்.

"தங்கச்சி சோத்தைப் பூனைக்குப் போட்டுட்டு, தட்டை நக்கி வச்ச மாதிரி காட்டுவாளாமே, அதைத்தான் சார். சிரிச்சிட்டே இருந்தோம். இன்னொரு குண்டு விழுந்துச்சு. பேச்சு நின்னுடுச்சு. அதுலதான் தெரிஞ்சுது சார்."

அந்தத் தங்கச்சி நான்தான். ஸ்பீக்கரில் அம்மாவும் அதைக் கேட்டார். அன்று பின்னறைக்குள் போய்த் தாழிட்டவர் இன்னும் எங்களோடு பேசவில்லை. ஆள் இல்லாதபோது வந்து, வைத்த சாப்பாட்டில் இரண்டு வாய் உண்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். அப்பா கதவைத் தட்டுகிறார், சித்தி கெஞ்சுகிறார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்? அந்தப் பயம்தான்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் சொன்னீர்கள். எது அவர் பணி? துப்பாக்கி ஏந்தியது ஓராண்டுகூட இல்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்ததோ கடைசி நிமிடம் வரை!

பெரியோர்களே, உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். கூட்டம் முடிந்ததும் நான் அம்மாவின் கதவருகே உட்காருவேன். திறக்கச் சொல்ல மாட்டேன். டீச்சர் மாட்டிக்கொண்ட கதையில் தொடங்குவேன், பிறகு பூனைக் கதை. பதில் வராது என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வராவிட்டாலும் பேச்சை நிறுத்த மாட்டேன்.