மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு மட்டும்

ஏசியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா சார்? நன்றி. சொல்லிவிடுகிறேன், பெரிய கதை இல்லை.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துப் பம்ப் செய்கிறது. நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பெட்டி. அதற்கான மென்பொருளை யாரும் முழுசாக உட்கார்ந்து எழுதுவதில்லை. பாதி, வேறு யாரோ எழுதிவைத்த உதிரிப்பாகங்களாக வெளியிலிருந்து வரும். அவற்றை இணையக் கிடங்குகளிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது பேக்கேஜ் மேனேஜர் என்கிற இன்னொரு மென்பொருள். எந்தக் கிடங்கில் எடுப்பது என்பது அதன் செட்டிங்ஸில் இருக்கும். ஆளாளுக்குக் கையால் தட்டி ஒவ்வொரு மாதிரி வைத்திருந்தார்கள். நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், எல்லாருக்கும் ஒரே செட்டிங்ஸ். "அண்ணே, கையைக் கொடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்" என்றார்கள்.

அப்புறம் முதலாளியின் மருமகன் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். நாங்கள் மாப்பிள்ளை என்போம். கலகலப்பான மனிதர். எல்லார் முன்னாலும் என் புரோகிராமைப் பார்த்து, "என்னங்க இது, கை வைத்தியம் மாதிரி? தூக்கிடுவோம், ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

தூக்குவதற்குள் ஒரு வரி சேர்த்தேன். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு மட்டும், கிடங்கு என்பது என் கம்ப்யூட்டர். அங்கே சொட்டின் வேகத்தைக் கணக்கிடும் பாகம் ஒன்றை அசலின் பெயரிலேயே வைத்திருந்தேன். கொஞ்சம் தாராளமாகக் கணக்கிடும், அவ்வளவுதான். இறுதிப் பதிப்பைத் தன் கம்ப்யூட்டரில் சேர்த்து, சோதித்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அவர் வேலை. சோதனையில் மாட்டுவார், மூக்கு உடையும் என்று நினைத்தேன். அவர் சோதிக்காமலே அனுப்பிவிட்டார். பாருங்கள், பொறுப்பே இல்லை.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி கம்பெனிக்குப் போன் செய்தாள். "அண்ணா, எங்க வார்டுல பம்ப் எல்லாம் வேகமா ஓடுற மாதிரி இருக்கு. நிறுத்திடவா?"

"அதை எங்க தலைவர்தாம்மா சொல்லணும். சாப்பிட்டு வந்ததும் பேசச் சொல்றேன். அதுவரைக்கும் ஓடட்டும்" என்றேன். முறைப்படி அதுதான் சரி. நானும் சாப்பிடப் போனேன்.

அந்த வார்டில் நான்கு பேர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி முந்தின நாள்தான் பிள்ளை பெற்றவளாம். மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். "நான் எதையும் தொடலைங்க" என்று அழுதாராம். உண்மைதான், பாவம்.

அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் அறிக்கையில் 'செட்டிங்ஸ் புரோகிராமில் ஏற்பட்ட கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்களே. கோளாறு எங்கே சார்? நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தது. அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.